சமையலறை வார்டு

இன்னும் ஐந்து வருடம் இந்த அடுப்படியிலேயேவா என்று வசுமதி நினைத்துக்கொண்டிருந்தபோது, தேர்தல் அதிகாரி வேட்புமனுவோடு உள்ளே வந்தார்.

வீட்டின் ஒவ்வோர் அறையும் தனி வார்டு என்று சட்டம் வந்ததிலிருந்து சமையலறை பெண்களுக்கு ஒதுக்கீடு. மூன்று முறையும் அவள்தான் போட்டியின்றித் தேர்வானாள். உறுப்பினர் வேறு வார்டில் உட்காரக் கூடாது என்பது விதி. ஒதுக்கீடு இல்லாத பொது வார்டான பால்கனியில், அதன் உறுப்பினரான அவள் கணவர் தணிகைவேல் நாற்காலி போட்டு மழை பார்ப்பார். அவளுக்குச் சத்தம் மட்டும் கேட்கும்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. மாடி வீட்லல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று அதிகாரி பேனாவை நீட்டினார்.

தணிகைவேலும் பால்கனியிலிருந்து எழுந்து வந்தார். "போடு வசு. உன்ன எதிர்த்து யாரு நிக்கப்போறா, நானா?"

வசுமதி பேனாவை மூடி அதிகாரியிடமே கொடுத்தாள்.

"இந்த வாட்டி வேணாம் சார்."

பால்கனிக்குப் போய் உட்கார்ந்தாள். நாற்காலியின் சூடு இன்னும் ஆறவில்லை.