தேனு போன்

"ஃபியூஸையே காணோமேம்மா. யாரோ கழட்டியிருக்காங்க," என்றான் கார் எலக்ட்ரீசியன். திரை எரியவில்லை, பாட்டுக் கேட்க முடியவில்லை என்று சொல்லித்தான் குணவதி வண்டியைக் கொண்டுவந்திருந்தாள். கூட வந்த கணவர் சிதம்பரநாதன், சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்ன ஃபியூஸை எடுத்து நீட்டினார்.

"வண்டிய எடுக்குறப்பல்லாம் இந்தத் திரை எங்க பொண்ணோட போனையே தேடுது தம்பி. அதை அவகூடவே குழியில வச்சிட்டோம்."

எலக்ட்ரீசியன் தயங்கினான்.

"மாட்டுப்பா," என்றாள் குணவதி.

திரை எரிந்தது. 'தேனு போன்' என்று பெயர் வந்தது. அதன் கீழே ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. கிடைக்கவில்லை, மறுபடி தேடவா என்று கேட்டது.

சிதம்பரநாதன் அணைக்கக் கை நீட்டுவதற்குள் குணவதி 'ஆம்' என்பதை அழுத்திவிட்டாள்.