பக்கத்து வீட்டில் ஆள்

டம்ளர் விழுந்த சத்தம்தான். சந்தேகமே இல்லை.

விழுந்து, உருண்டு, சட்டென்று நின்றது. யாரோ கையால் அமுக்கிப் பிடித்ததுபோல.

அரிசி களைந்துகொண்டிருந்த அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

பக்கத்து வீடு பூட்டியல்லவா கிடக்கிறது?

பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் நின்றதிலிருந்து அந்த லைன் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டு ஏறியது. தேனிக்காரர்கள் போனார்கள். ஒடிசா ஆட்கள் போனார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுத் தவமணியும் பெண்டாட்டி பிள்ளைகளோடு டெம்போவில் ஏறினான். இப்போது வரிசை முழுக்க அவள் ஒருத்திதான். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் உட்கார மனம் ஒப்பவில்லை. வேறு போக்கிடமும் இல்லை.

மறுபடியும் சத்தம். இந்த முறை இருமல்.

வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல்.

நட்டநடுப் பகல். தெருவில் வெயில் மட்டும் நின்றது. கத்தினால் ஓடிவர ஆள் இல்லை.

கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே கிடக்கலாம். இருட்டிய பிறகு?

நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்.

அரிவாள்மனையை எடுத்துக்கொண்டாள். கக்கூஸுக்குப் போகும் பின்சந்தில் சுவரைப் பிடித்தபடி நடந்தாள்.

பின்கதவு ஒருக்களித்திருந்தது. காலால் தள்ளினாள்.

மூலையில் ஒருவன் குந்தியிருந்தான். முகமெல்லாம் தாடி. அடி விழப்போகிறது என்பதுபோல இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டான்.

தவமணி.

அவள் அரிவாள்மனையைக் கீழே வைத்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. தரையைப் பார்த்தபடியே சொன்னான். குடும்பத்தை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, பெருந்துறையில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பினானாம். எங்கேயும் கிடைக்கவில்லை. திரும்பிப் போய் நிற்க முகம் இல்லை. முன்கதவில் பூட்டைத் தொங்கவிட்டு, பின்பக்கமாக வந்து படுத்துக்கொண்டானாம். அவள் தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் எழுந்து நடமாடுவானாம்.

"நான் இங்க இருக்கறது யாருக்கும் தெரிய வேணாம்க்கா. எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

நாளைக்கு மழை வரும் என்பதுபோலத்தான் சொன்னான்.

இதற்குத் திருடனாகவே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து, களைந்த அரிசியோடு இன்னொரு பிடி போட்டாள். சோற்றை அவன் பின்கதவுக்குள் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு நகர்கிறதா என்று வெகுநேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். நகர்ந்தது. அதன் பிறகு ஓசையே இல்லை. ஓசை இல்லாததுதான் இப்போது அவளைச் சுவரை விட்டு நகரவிடவில்லை.

பொழுது சாய்கையில் விருதுநகரிலிருந்து மகள் போன் செய்தாள். வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டாள். சாப்பிட்டாயா, வேலை உண்டா, அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களா. எல்லாவற்றுக்கும் உண்டு, உண்டு என்றே அவள் சொல்லிவந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போடும் கூச்சலில் தூங்கவே முடியவில்லை என்று போன வாரம்கூட அலுத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு வாய் வரவில்லை.

"பக்கத்து வீட்டுல..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள்.

"யாரும்மா, பக்கத்து வீட்டுல?"

"யாருமில்ல தாயி. எல்லாரும் எப்பவோ போயிட்டாங்க. நான் மட்டுந்தான் கெடக்கேன். எனக்குப் பயமா இருக்கு."



சுவருக்கு அந்தப் பக்கம், யாரோ மெல்ல நகர்ந்து வந்து சுவரோரமாக உட்காரும் அரவம் கேட்டது.