விளக்கு மட்டும் போதும்

“பத்து ஞாயிறு ஓடுற நாடகமா? மலாயாவே அவசரகாலத்துல கிடக்கு, இது ஒண்ணுதான் குறைச்சல்!” ரப்பர் தோட்டத்துக் கணக்கு வழக்கு பார்க்கும் பெரிய கிராணி தாமோதரம் தலையில் கை வைத்தார்.

“முதல் பாகத்தைப் பாருங்கய்யா. சனங்களுக்குப் பிடிக்கலேன்னா நிறுத்திடலாம்,” என்றாள் பால்மரம் வெட்டும் அங்கம்மா.

“துரை காசு தரமாட்டாரு. ராஜா உடுப்பு கிடையாது.”

“வேட்டி போதும்.”

“ஆர்மோனியம் கிடையாது.”

“தப்பு மேளம் அடிச்சுக்கறோம்.”

“மேடை வேணும்னா போர்டிக்சன் டவுன்ல வேலை பாக்குற உன் மகன்கிட்டக் கேளு.”

“தரையிலேயே ஆடறோம். வேலிக்குக் காவலா எரியுற பெரிய விளக்கை மட்டும் எங்க பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்க.”

“அது காட்டுலேருந்து கம்யூனிஸ்டு வர்றானான்னு பாக்குற விளக்கு லா! காஸ் விளக்கு வச்சுக்க.”

“அதுல முகமே தெரியாதேய்யா. அந்த விளக்கு இல்லேன்னா நாடகமே வேணாம்.”

“எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துட்டு இதுல மட்டும் ஏன் உசுரை வாங்குற? போலீஸ்கிட்ட நான் சொல்றேன். ஒரு மணி நேரம்தான். போய்த் தொலை!”

வீட்டில் மருமகள் பவுனு கைக்குழந்தையோடு காத்திருந்தாள். அங்கம்மா கதவைச் சாத்தினாள்.

“விளக்கு கெடைச்சிருச்சு. கோயிலுக்குப் பின்னாடி வேலி இருட்டா இருக்கும். தப்புச் சத்தம் கேட்டா காட்டுலேருந்து வர்றேன்னு உன் புருஷன் சொல்லியனுப்பியிருக்கான். கிராணி இன்னும் அவன் போர்டிக்சன்ல இருக்கான்னுதான் நம்பிக்கிட்டிருக்காரு. இந்த ஞாயிறு முடியலேன்னா அடுத்த ஞாயிறு வரட்டும்.”

“இருட்டுல புள்ள மொகம் தெரியாதே அத்தே?”

“கம்பிக்குள்ள கைய விட்டுத் தொட்டுப் பாக்கட்டும்.”