மேலே குளிரும் காற்று

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் மதிய வெயில் மேசை விளிம்பு வரை வந்து நிற்கிறது. வசுந்தரா இரண்டு முஷ்டிகளையும் மெல்ல மோதிக் காட்டுகிறாள். "ரொம்ப உயரத்துல ஆக்சிஜன் அணு வந்து கார்பன் டை ஆக்சைடை இடிக்கும், சரண். அந்த மோதல்ல வர்ற சூட்டை கார்பன் டை ஆக்சைடு வாங்கி விண்வெளிக்கு வீசிடும். கீழ நம்மள வேக வைக்கிற அதே வாயு, மேல குளிர வைக்குது லா. வெள்ளி, செவ்வாய்லயும் இதே கதைதான்." சரணின் தே தாரிக் தேநீரில் பாலாடை படிந்துவிட்டது. அவன் கண் எடுக்காமல் கேட்கிறான். பக்கத்தில் அவன் மனைவி லோகேஸ்வரி அந்த முகத்தையே பார்க்கிறாள். தன் பேச்சுக்கு அது ஒருநாளும் இப்படி விரிந்ததில்லை. "யுனிவர்சிட்டில இந்தக் கணக்கை முதல்ல போட்டது லோகாதான். அவ விட்ட இடத்துலேர்ந்துதான் நான் ஆராய்ச்சியே தொடங்கினேன்," என்று வசுந்தரா தோழியின் தோளைத் தொடுகிறாள். தொட்ட இடம் எரிகிறது. சரண் வியப்போடு திரும்புகிறான். "நீ சொன்னதே இல்லையே?" லோகேஸ்வரி கோப்பையை நகர்த்தி வைக்கிறாள். "சொன்னேன். நீங்க போன் பாத்துக்கிட்டு இருந்தீங்க." அவன் நாற்காலியை இவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறான். "சரி, இப்பச் சொல்லு." அவனுடைய இந்தக் கவனத்தையும் வசுந்தராதான் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். "தே ஆறிப்போச்சு, குடிங்க," என்கிறாள் லோகேஸ்வரி.