கோணிப்பை அம்மா

கோணிப்பையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கூண்டுக்குள் குந்தியிருக்கிறேன். என் வலக்கையில் பருந்துத் தலைபோலத் தைத்த துணியுறை. அதன் அலகில் ஒரு துண்டு இறைச்சி. கூட்டிலிருந்து விழுந்து இந்தப் பறவைகள் மறுவாழ்வு மையத்துக்கு வந்த குஞ்சு, அதைத் தன் அம்மா என்று நம்ப வேண்டும். ஊட்டுவது மனிதன் என்று தெரிந்துவிட்டால் வளர்ந்த பிறகும் மனிதரையே தேடி வரும். காட்டில் விட முடியாது. போன வருடம் ஒருவர் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்த பருந்து, பக்கத்துக் கூண்டில் ஆயுள் கைதி. “உள்ள போனா மூச்சு விடக் கூடாது தம்பி. உன் வாயப் பத்தி எனக்குத் தெரியும்” என்று சொல்லித்தான் டாக்டரக்கா என்னை அனுப்பினார். “கிளாஸ்ல ஒரு மணி நேரம் பேசாம இருந்திருக்கேங்க்கா.” “அன்னிக்கு நீ தூங்கியிருப்ப.” கம்பிவலை வழியே வந்த வெயில் குஞ்சின் முதுகில் கட்டம் கட்டமாக விழுகிறது. அது கழுத்தை நீட்டுகிறது. இறைச்சியை விட்டுவிட்டு, கோணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் கால் கட்டைவிரலை நறுக்கென்று கொத்துகிறது. ஐயோ என்பது தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மெல்ல உள்ளே இழுத்து, அது இருந்த இடத்தில் துணி அலகை வைக்கிறேன். குஞ்சு தலையைச் சாய்த்து யோசிக்கிறது. பிறகு இறைச்சியைப் பிடுங்கி விழுங்குகிறது. நானும் அந்த ஐயோவை விழுங்கிவிட்டு, அடுத்த துண்டை எடுக்கிறேன்.