மெக்னீசியத்துக்கு அடுத்து

"ஒன்று," என்றாள் அவள்.

"ஹைட்ரஜன், டீச்சர்."

அவளுடைய பத்தாம் வகுப்பில் யாரும் 'உள்ளேன்' சொல்வதில்லை. வரிசை எண்ணைக் கூப்பிட்டால், அந்த அணு எண்ணுக்குரிய தனிமத்தின் பெயரைச் சொல்லி எழ வேண்டும். வேதியியல் மண்டையில் ஏறட்டும் என்று அவளே கொண்டுவந்த வழக்கம். ஒன்றாம் எண் அன்னகாமுவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. பிரபஞ்சத்தில் முக்கால் பங்கு அவள்தானாம்.

இன்று அன்னகாமு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கடைசி பெஞ்சில் தொழிலாளர் துறை அதிகாரி உட்கார்ந்திருந்தார். வாசலில் தலைமையாசிரியர்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டாசு ஷெட் வெடித்ததில் முத்துப்பேச்சி செத்துப்போனாள். பதின்மூன்றாம் எண், அலுமினியம். படிக்கிற பிள்ளையை வேலைக்கு வைத்தது தெரிந்தால் ஷெட் முதலாளி கம்பி எண்ண வேண்டும். பள்ளிக்கு மேற்கூரை போட்டுக் கொடுத்த புண்ணியவான் அவர். தலைமையாசிரியருக்கோ நன்றியுணர்ச்சி அதிகம்.

"அந்தப் பேரு நம்ம ஸ்கூல்லயே கிடையாது. புரியுதா டீச்சர்?" என்று அதிகாரி வருவதற்கு முன்பே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

புரிந்தது. அவள் தற்காலிக ஆசிரியை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றால் வேறு போக்கிடம் இல்லை. பதினான்கிலிருந்து எல்லோரும் ஓர் எண் முன்னால் வர வேண்டும் என்று காலையிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பூமியின் மேலோட்டில் மற்ற உலோகங்களைவிட அலுமினியம்தான் அதிகம் என்று பாடம் நடத்திய அன்று, முத்துப்பேச்சி எழுந்து நின்றாள்.

"அப்ப நான் எல்லா எடத்துலயும் இருக்கேனா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்து, கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள். அது ஒரு திங்கட்கிழமை. நகக்கண்களில் பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பொடி மின்னியது. டீச்சர் அதைப் பார்த்தாள். பார்க்காதது போலக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பன்னிரண்டு."

"மெக்னீசியம், டீச்சர்."

"பதின்மூன்று."

ராஜகனி எழுந்தாள். முத்துப்பேச்சியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். இன்றிலிருந்து இவள்தான் பதின்மூன்று.



"சிலிக்கான், டீச்சர்."

சிலிக்கான் பதினான்கு. அது தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. டீச்சர்தான் அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

வாசலில் தலைமையாசிரியர் இருமினார். அதிகாரி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கவனித்ததாகத் தெரியவில்லை. பதினான்கு என்று சொல்லிவிட்டால் போதும், கடந்துவிடலாம்.

டீச்சர் ராஜகனியை உட்காரச் சொன்னாள்.

"பதின்மூன்று," என்று மறுபடி கூப்பிட்டாள்.



தாமதமாக ஓடிவரும் பிள்ளைக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தாள்.

ஒவ்வொரு தலையாக ஜன்னலோரத்துக் காலி இடத்தின் பக்கம் திரும்பியது.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, அவரும் அங்கே பார்த்தார்.