தீர்த்தம் தெளித்த பிளக்

ருமேனியாவின் பகாவு நகரத்தில் சோரினா நாலாவது மாடியில் குடியிருந்தாள். மின்சாரக் காருக்குச் சார்ஜ் போட ஜன்னல் வழியாக இறக்கிய வயரை இரண்டாவது மாடிக்காரி கத்தரித்துவிட்டாள். மிச்சமிருந்தது அவள் வேலைபார்க்கும் பேக்கரியின் பின்சுவர் பிளக்தான். முதலாளி க்ரிகோரே மசியவில்லை.

“கரண்டுக் காசை நானே குடுத்துடறேன், மொதலாளி!”

“காசு கிடக்கட்டும்மா. ஃபாதர் தீர்த்தம் தெளிக்காம இங்க மாவு மெஷினே சுத்தாது. உன் வண்டி தீப்பிடிச்சா?”

“அந்தப் பிளக்குக்கும் தெளிச்சுட்டா?”

“அப்புறம் நான் ஏன் தடுக்கப் போறேன்?”

சோரினா தேவாலயத்துக்கு ஓடினாள். சாவு வீட்டுக்கே மூன்று முறை ஆள் அனுப்பினால்தான் அசைகிற, ஆர்த்தடாக்ஸ் சபை வழக்கப்படி குடும்பஸ்தரான ஃபாதர் கவ்ரில், “நாளைக்கே வர்றேன்” என்றார்.

வந்தார். பிளக்குக்குள் ஒரு சொட்டும் போகாமல், அந்த ஊர் வழக்கப்படி துளசிக் கொத்தால் சுற்றிலும் பக்குவமாகத் தெளித்தார். முதலாளி பக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டார். சோரினா தெருவில் நின்ற காரை எடுத்துவர ஓடினாள்.

திரும்பியபோது பிளக்கில் வேறொரு வயர் மாட்டியிருந்தது. மறுமுனையில் புத்தம்புது மின்சாரக் கார்; உள்ளே ஃபாதரின் மனைவி.

“எங்க வீடும் மாடிதாம்மா,” என்றார் ஃபாதர். “ஞாயித்துக்கிழமை நீ போட்டுக்கோ. அன்னிக்கு எனக்குப் பூசை இருக்கு.”

ஞாயிறு பேக்கரிக்கு விடுமுறை; மெயின் சுவிட்சும் ஆஃப்.